வேனில் உட்கார்ந்தவள்

ஒத்தக்கடைக்கு நாகஜோதி குடிவந்த புதிதில், கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் அதைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டு, "உருட்டிக்கிட்டுப் போயிருங்கக்கா, வண்டி திரும்பாது" என்றான். அவள் உருட்டிக்கொண்டு போனாள். மறுநாள் தல்லாகுளத்தில் தான் வேலை பார்க்கும் டைப்பிங் கடையில் உட்கார்ந்து, "மேற்படி நபர் மேற்படி சிலிண்டரை மேற்படி தெருமுனையில் இறக்கிவைத்து" என்று இரண்டு பக்கத்துக்கு மனு அடித்தாள். ஒரு நகலை ஏஜென்சியில் கொடுத்தாள், ஒன்றைக் கலெக்டர் ஆபீஸ் பெட்டியில் போட்டாள், மூன்றாவதை அடுத்த மாதம் அந்த ஆளின் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு மட்டும் சிலிண்டர் அடுப்படி வரைக்கும் வருகிறது.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் பதினைந்து வருஷம் டைப் அடித்தவள் வேறு எப்படி இருப்பாள்? பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், வாய்க்கால் தகராறு, அடுத்தவன் சுவரில் ஆணி அடித்த வழக்கு என்று ஊரில் உள்ளவர்களின் வயிற்றெரிச்சல் அத்தனையும் அவள் விரல் வழியாகத்தான் தாளுக்குப் போகும். முதலில் மெஷின், பிறகு கம்ப்யூட்டர். வக்கீல் குமாஸ்தாக்களே அவளிடம் குரலை இறக்கித்தான் பேசுவார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பன்னிரண்டு வருஷமாக மனு போடவில்லை. எந்த ஆபீசில் போய்ப் போடுவது? எதிர்மனுதாரர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள்.

நடந்தது தொண்ணூற்று நாலில். அவளுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி மூன்றாம் மாதம். கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்திருக்கிறது, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தான். புருஷன் அழகுராஜாவின் அக்கா பாண்டியம்மாள் செல்லம்பட்டியில் வாக்கப்பட்டிருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்த வீட்டில் உப்பு வாங்கவும் அவளைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அவள்தான் வேன் பிடித்தாள். முதலில் குறிஞ்சியாண்டவர் கோயில், பிறகு பூ. புல்மேட்டில் ஒரு மைல் நடை, ஏத்தம்கூடக் கிடையாது, குழந்தைகள் ஓடிக்கொண்டே போய்விடலாம் என்றார்கள். நாகஜோதி பட்டு கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு ஏறினாள். செல்லம்பட்டிப் பக்கம் வரப்பில் நடந்து வளர்ந்த பெண் அவள், மலையை அடிவாரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

பெருமாள்மலையில் டீ குடிக்க வண்டி நின்றது. அங்கே பாத்ரூம் போனவளுக்கு விஷயம் தெரிந்தது. நாலு நாள் முந்தி வந்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். அவளோ நல்ல பிள்ளையாக, புது மருமகளாக, நேரே பாண்டியம்மாளிடம் போய்க் காதோடு சொன்னாள். அதை நினைத்து நினைத்து அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்ட திட்டு கொஞ்சமல்ல.

"ஆத்தாடி, சாமி கும்பிடப் போற வழியிலயா" என்று பாண்டியம்மாள் டீக்கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். வேனின் கடைசி சீட்டில் தினத்தாள் விரித்து அவளை உட்கார வைத்தார்கள். கோயில் வாசலில் வேனுக்குள்ளேயே இருந்தாள். சரி, கோயில், போகட்டும். புல்மேட்டுக்கு வந்து எல்லோரும் இறங்கினபோது இவளும் எழுந்தாள்.

"நீ எங்க எந்திரிக்கிற?"

"பூ பாக்கத்தான் மதினி. கோயில் இல்லையே."

"வீட்டுக்குத் தூரமானவ பூச்செடிப் பக்கம் போனா செடி பட்டுப்போகும், தெரியாதா ஒனக்கு? பன்னெண்டு வருசம் கழிச்சுப் பூத்திருக்கு. நம்ம குடும்பத்தால அதுக்கு ஒரு கேடு வரணுமா?"

கேட்டுக்கொண்டு நின்ற பதினாலு பேரில் ஒருத்தராவது சிரித்திருக்க வேண்டாமா? ஒரு மலை. மலை முழுக்கப் பூ. மழையில் நின்றது, வெயிலில் நின்றது, யானை மிதித்தும் நின்றது. அது செல்லம்பட்டியிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் பக்கத்தில் போனால் பட்டுப்போகுமாம். பதினாலு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அழகுராஜா ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். திரும்பிப் பார்த்ததைப் பெரிய உபகாரம் என்று அவன் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நாலு மணி நேரம். வேன் கண்ணாடி வழியாக ஒரு யூகலிப்டஸ் மரமும், கேரட் விற்கிற ஒரு தள்ளுவண்டியும் தெரிந்தன. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. வண்டி ஓட்டின வெள்ளைத்துரை ஒருத்தன்தான் டீயும் பன்னும் வாங்கிவந்து, "சாப்புடுங்கக்கா" என்று கையில் கொடுத்தான்.

திரும்பி வரும்போது அழகுராஜா சட்டைப்பையில் ஒரு கொத்துப் பூ கொண்டுவந்தான். அவளிடம் நீட்டினான். "கையில குடுக்காதடா, சீட்டுல வையி" என்றாள் அக்கா. அவன் வைத்தான். அவளிடமிருந்து இரண்டு அடி தள்ளி, சீட்டு ஓரத்தில், வெற்றிலை வைக்கிற மாதிரி வைத்தான். வத்தலக்குண்டுக்கு இறங்குகிற வளைவுகளில் அது வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்து யார் காலிலோ மிதிபட்டது. நாகஜோதி பார்த்த குறிஞ்சி அம்புட்டுத்தான்.

அதற்குப் பிறகு மீனா பிறந்தாள். முழுப் பெயர் அழகுமீனா. ஒத்தக்கடையில் இடம் வாங்கி வீடு கட்டினார்கள். அழகுராஜா வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையில் நிரந்தரமானான். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. மகளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் நாகஜோதி அந்தக் கதையைச் சொல்வாள். "ஒங்கம்மாவ வேன்ல உக்கார வச்சாங்கடி" என்று ஆரம்பித்தாலே ஹாலில் அழகுராஜா டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். கூந்தல் இழுபடுகிற வலியில் மீனா முனகுவாள். கதை முடிகிற வரைக்கும் பின்னல் முடியாது.

ஆனால் ஒன்று. மாதத்தில் மூன்று நாள் நாகஜோதி கொல்லையில் இருந்த கறிவேப்பிலை மரத்தைத் தொட மாட்டாள். "மீனா, ஒரு கொத்து பறிச்சுட்டு வா, நான் தொடக்கூடாது, பட்டுப்போயிரும்" என்பாள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். அதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் மறுபடியும் பூத்தது. பேப்பரில் படம் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"இந்த வருசம் போறோம். நீங்க, நானு, மீனா. மூணு பேரு. பஸ்ஸுல."

"போவோம்" என்றான் அழகுராஜா. மூன்றே நாளில் அக்காவிடம் போனில் உளறிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் வாய் அப்படி. அன்று சாயங்காலமே பாண்டியம்மாளின் போன் வந்தது.

"நாங்களும் வாரோம் ஜோதி. வெள்ளத்தொரகிட்ட வேன் சொல்லிட்டேன். ஒனக்குத் தேதி என்ன?"

எந்தத் தேதி என்று அவள் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் எந்தப் பயணத்துக்கும் முதலில் நாள் பார்ப்பது பஞ்சாங்கத்தில் இல்லை, வீட்டுப் பெண்களிடம்தான். வேன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அவள் தேதிக்கு மறுநாளாக விழுந்தது. "அதெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

பார்த்துக்கொள்வது என்றால் தேதியைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். கல்யாணம், கிரகப்பிரவேசம், திருவிழா என்று எல்லாப் பெண்களும் வாங்குவார்கள். டாக்டர் சீட்டெல்லாம் கடைக்காரன் கேட்க மாட்டான். பெயரைக் கிசுகிசுத்தால் பேப்பரில் சுற்றி, ஏதோ திருட்டுச் சாமான் மாதிரிக் கொடுப்பான். நாலு நாள் போட்டாள். தலை விண்விண்ணென்று தெறித்தது, சோற்றைப் பார்த்தால் குமட்டியது. முகம் உப்பிப் போய் டைப்பிங் கடையில் "என்னக்கா, தூங்கலையா" என்று கேட்டார்கள். "தன் உடம்பைத் தானே அமுக்கிப் பிடித்துக்கொண்டு மேற்படி நாகஜோதி" என்று மனதுக்குள் ஒரு மனு ஓடியது. அச்சடிக்கத்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகிறபோது வேன் வத்தலக்குண்டைத் தாண்டிவிட்டது. பாண்டியம்மாள் வீட்டில் ஆறேழு பேர், இவர்கள் மூன்று பேர். அதே வெள்ளைத்துரை, தலை நரைத்திருந்தது. பெருமாள்மலையில் அதே டீக்கடைப் பக்கம் நிறுத்தினான். நாகஜோதி டீயைக் கையில் வாங்கிக்கொண்டு பாத்ரூம் போன மீனாவுக்காக நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். எல்லோரும் வண்டியில் ஏறி ஹாரனும் அடித்தாகிவிட்டது.

"எம்புட்டு நேரம்டி? அங்க என்ன குடித்தனமா பண்ற?"

மீனா போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி, அதன் கைகளைப் பாவாடைக்கு மேலே இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"குளுருக்குப் போட்டுக்கத்தானடி வாங்குனது. இடுப்புக்கா குளுருது?"

"இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். நாகஜோதிக்குத் தலைவலி. மேற்கொண்டு கேட்கவில்லை.

கோயிலுக்குள் போனார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து நாகஜோதி அந்தப் படியில் கால் வைத்தாள். சாமிக்கு முன்னால் நின்று கும்பிட ஒன்றும் தோன்றவில்லை. "வந்துட்டேன், பாத்துக்க" என்று மட்டும் மனதில் சொன்னாள். மீனா தூணோரம் ஒதுங்கி நின்று, விபூதியை வாங்கிக் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டாள்.

புல்மேடு பூம்பாறைக்கு அந்தப் பக்கம். வேன் நின்றதும் வெள்ளைத்துரை இறங்கிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். "இந்தத் தடவ வண்டிக்குக் காவல் வேணாம்க்கா. நானும் போயிப் பாக்குறேன்" என்று நாகஜோதியிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். அவனுக்கு ஞாபகம் இருந்தது என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

உண்மையிலேயே சுளுவான பாதைதான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகிற அலுப்புக்கூட இல்லை. இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் புல், அதற்கு நடுவில் மஞ்சளும் வெள்ளையுமாக, பொட்டு அளவில், பெயர் தெரியாத பூக்கள். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். குறிஞ்சி இன்னும் கண்ணில் படவில்லை. முன்னால் ஒரு பாறை, அதைத் தாண்டித் திரும்பினால் சரிவு முழுக்க அதுதான் என்று இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். நாகஜோதி கிட்டத்தட்ட ஓடினாள். தலைவலி எங்கே போனதென்று தெரியவில்லை.

பாறைக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போதுதான் பின்னாலிருந்து பாண்டியம்மாளின் குரல் வந்தது.

"ஏ மீனா, நில்லு. நில்லுங்கறேன்ல."

நாகஜோதி திரும்பினாள். மீனாவின் இடுப்பிலிருந்து ஸ்வெட்டர் நழுவியிருந்தது. மஞ்சள் பாவாடையின் பின்பக்கம் கறை.

பாண்டியம்மாள் முதலில் செய்த காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்தது. "எந்தம்பி மக பெரிய மனுசியாயிட்டா" என்று பிள்ளையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்த மலைமேல், தெரியாத மனிதர்கள் திரும்பிப் பார்க்க, நாக்கைச் சுழற்றி ஒரு குலவையும் போட்டாள். மீனா பாதி நடுக்கமும் பாதி வெட்கமுமாக நின்றாள். அத்தையின் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான்.

"எப்பருந்துடி?"

"காலையில அத்தை. பெருமாள்மலையில."

பாண்டியம்மாளின் கை அப்படியே நின்றது. "அப்ப கோயிலுக்குள்ள?"

மீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோயிலுக்குள்ள வந்தியா நீ? தெரிஞ்சே வந்தியா?" பாண்டியம்மாள் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "குடும்பம் வெளங்குமா? ஏலேய், எல்லாரும் எறங்குங்க. இனி ஒரு எட்டு முன்னால போகக்கூடாது. மலையில காத்துக் கருப்பு இருக்கும், இவள உடனே வேன்ல கொண்டுபோயி, பின் சீட்டுல பேப்பர விரிச்சு உக்கார வைங்க. கையில ஒரு இரும்பக் குடுங்க. பூப் பக்கம் திரும்பக்கூட விடக்கூடாது."

பின் சீட்டு. பேப்பர். பூப் பக்கம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. மீனா பாதையிலிருந்து ஒரு எட்டு விலகி நின்றாள்.

"சரிக்கா" என்றான் அழகுராஜா.

அந்தச் 'சரிக்கா'வை எடுத்து என்ன செய்வது? பெற்ற மகள் முன்னால் நிற்கிறாள், பதினொரு வயது, இரத்தம் போகப் போக ஐந்து மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் நடந்து வந்திருக்கிறாள். "வலிக்குதாப்பா" என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. "சரிக்கா" மட்டும் வந்தது. நாகஜோதி அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு எட்டு பின்னால் போனான். அவள் மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

மீனாவின் உதடு கோணியது. "சொன்னா வேன்ல உக்கார வச்சிருவ."

"நானா? நானாடி உக்கார வைப்பேன்? அம்மாவையே உக்கார வச்சாங்கன்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நீயுந்தான் வைப்ப" என்றாள் மீனா. அழுகையோடு வந்தாலும் தெளிவாக வந்தது. "நீயே கறிவேப்பிலையத் தொட மாட்டேல்ல. தொட்டா பட்டுப்போயிரும்னு நீதான சொன்ன."

எல்லோருடைய வாதத்துக்கும் பதில் வாதம் டைப் அடிக்கிற நாகஜோதி அந்த ஒரு வரியை மனதுக்குள் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பாண்டியம்மாள் மேல், அழகுராஜா மேல், பதினாலு பேர் மேல் என்று கொளுத்தி வைத்திருந்த கோபம் மொத்தமும் ஒரே நிமிஷத்தில் திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. வேனில் உட்கார வைக்கிறவர்கள் என்று இந்தப் பிள்ளை போட்டு வைத்திருந்த பட்டியலில் அம்மாவும் இருந்திருக்கிறாள். பொய்யா என்ன?

அவள் எழுந்தாள். தோள்பையைத் திறந்தாள். மாத்திரையை நம்பாமல் அவள் கொண்டுவந்த நாப்கின் பொட்டலம் உள்ளே இருந்தது. மகளைப் பாதையோரப் புதர் மறைவுக்குக் கூட்டிப்போய், தன் முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். மீனா காலையிலிருந்து மடித்து வைத்திருந்த கைக்குட்டை நனைந்து கனத்திருந்தது. அதைப் பார்த்ததும் நாகஜோதிக்குத் தன்னையே அறையலாம் போல இருந்தது. ஸ்வெட்டரை வாங்கி மகளுக்கு ஒழுங்காகப் போட்டுவிட்டாள். கறை வெளியே தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியே வந்தபோது பாண்டியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். "வெள்ளத்தொர எங்க? கதவத் தொறக்கச் சொல்லு."

"சாவிய எடுத்துக்கிட்டு அவரு முன்னாடியே போயிட்டாரு மதினி. பூப் பாக்க" என்றாள் நாகஜோதி. "நாங்களும் போறோம்."

"ஜோதி, வெளையாடாத. வயசுக்கு வந்த பிள்ள. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எந்தம்பிக்கு யாரு பதில் சொல்றது?"

"ஒங்க தம்பி இந்தா நிக்கிறாரு. அவருக்குத்தான் வாயில்ல, கேக்க மாட்டாரு. நான் கேக்குறேன் மதினி. அன்னைக்கு நான் உக்காந்தேன். நாலு மணி நேரம். உங்க யாருக்காச்சும் ஒரு கொள்ளு அளவு மனசு உறுத்துச்சா? நான் போயிருந்தா இந்த மலை பட்டுப்போயிருக்குமா? சாமிக்கு ஆகாதுன்னா சாமி கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். எம்மகள வேன்ல உக்கார வைக்கணும்னு இனி ஒருத்தரு வாயத் தொறந்தீங்க, இந்த மேட்டுலயே எல்லாரையும் நாறடிச்சிருவேன். போறவன் வர்றவன் அம்புட்டுப் பேரையும் கூப்புட்டு ஞாயம் கேப்பேன்."

அவள் குரல் உயரவே இல்லை. நாகஜோதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாறையைச் சுற்றித் திரும்பினார்கள்.

பூ இருந்தது. ஊதாவும் நீலமுமாக, கண் போகிற தூரம் வரைக்கும், மடிப்பு மடிப்பாக இருந்தது. தேனீக்களின் இரைச்சல் காதை அடைத்தது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த நாகஜோதி அதை ஒரு நிமிஷம்கூட முழுதாகப் பார்க்கவில்லை. அவள் கண் மகளின் மேல்தான் போனது. முதல் செடிக்கு அருகே வந்ததும் மீனா அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விரல்களைக் கோத்து, இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பாவாடை செடியில் படாமல் ஒதுங்கி நின்று, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள்.

"தொடுடி" என்றாள் நாகஜோதி.

"வேணாம்மா. பட்டுப்போயிரும்."

"தொடுன்னு சொல்றேன்ல."

பிள்ளை அசையவில்லை. நாகஜோதி அந்தக் கைகளைப் பின்னாலிருந்து பிரித்தாள். பிரிக்க விடாமல் மீனா மல்லுக்கு நின்றாள். கடைசியில் இவள் தன் இரண்டு கைகளையும் முதலில் பூவுக்குள் முழங்கை வரைக்கும் விட்டாள். "அம்மா சொன்னது பொய்யி. தெரியாம சொல்லிட்டேன். அன்னைக்கு வேன்ல உக்காந்ததோட விட்டிருக்கணும், வீட்டுக்கும் கூட்டியாந்துட்டேன் அந்தப் பீடைய" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். கோபத்தில் வருகிற அழுகை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. அம்மா அழுது பார்த்திராத மீனா பயந்துபோய், மெதுவாக, ஒரு விரலால் ஒரு பூவைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையால்.

வெகு நேரம் கழித்து அழகுராஜா வந்தான். பாதையில் யாரோ ஒடித்துப் போட்டிருந்த ஒரு கொத்தைப் பொறுக்கிக் கையில் வைத்திருந்தான். மகள் பக்கம் நீட்டினான், நீட்டின கை பாதியில் நின்றது. திரும்பிப் பாறைப் பக்கம் பார்த்தான். அக்கா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவன் குனிந்து, பிள்ளைக்கு முன்னால் இருந்த ஒரு கல்லின்மேல் அதை வைக்கப் போனான்.

"கீழ வச்சீங்கன்னா நீங்க மட்டும் வேன்ல போங்க" என்றாள் நாகஜோதி. "நானும் அவளும் பஸ்ஸுல வாரோம். ஒத்தக்கடைக்கு இல்ல, எங்கப்பா வீட்டுக்கு. கையில குடுங்க."

அவன் நிமிர்ந்தான். மகளின் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தான். கையில் கொடுத்தான். மீனா வாங்கிக்கொண்டாள். ஒத்தக்கடை வரும் வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்யத்தான் செய்தார்கள். நாகஜோதியின் அண்ணன் தென்னங்கீற்று கொண்டுவந்தார், உளுந்தங்களி கிண்டினார்கள். மீனா மூலையில் அல்ல, முன்னறையில் டி.வி.க்கு எதிரேதான் உட்காருவாள் என்று நாகஜோதி ஒரே சொல்லில் நிறுத்திவிட்டாள். பூங்கொத்து ஒரு டம்ளர் தண்ணீரில் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. ஒடித்த பூ எத்தனை நாள் இருக்கும்? புதன்கிழமை காலையில் உதிர்ந்து கருத்துவிட்டது. அன்றைக்குப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பாண்டியம்மாள் முதலில் பார்த்தது அதைத்தான்.

"பாத்தியா" என்றாள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். "நான் அன்னைக்கே சொன்னேன். பட்டுப்போச்சு பாரு."

மீனா டம்ளரைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்தாள். அதை நாகஜோதி பார்த்துவிட்டாள். அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அதைச் சிம்மில் வைத்துவிட்டு, ஹாலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். கறிவேப்பிலை மரத்துக்கு எதிரே அதைப் போட்டாள். கிளையை வளைத்து, கை கொள்ளுகிற மட்டும் பறித்தாள். முன்னறையிலிருந்து மீனாவுக்கு எல்லாம் தெரிந்தது. பின்னாலேயே வந்து கொல்லைப்படியில் நின்ற பாண்டியம்மாளுக்கும் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமையோட மாத்திரைய நிறுத்திட்டேன் மதினி. இன்னைக்குக் காலையில எனக்கு வந்திருச்சு" என்றாள் நாகஜோதி. "இந்தா, மரத்தத் தொட்டுட்டேன். வாங்க, வந்து இதுல உக்காருங்க. எப்பப் பட்டுப்போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல, நாலு மணி நேரம் உக்காருங்க. நான் உக்காந்தேன்ல."